நாற்பத்து மூன்றாவது இடம்

பதினேழாவது இடத்துக்கு நேராகப் பென்சிலால் ஒரு டிக் போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் பூங்கொடிக்கு உறைத்தது, காலையில் கணவர் மயில்சாமி "ம்" என்று சொல்லவில்லை. வேறு என்னவோ சொன்னார். நாலைந்து வார்த்தை இருக்கும். அவள் கேட்டது தினமும் கேட்கிற அதே கேள்விதான், ராத்திரி தூங்கினீர்களா என்று. நாலு வருஷத்துக்கு முன்னால் சிறுநீரகக் கல் வந்து பதினோரு ராத்திரி அவர் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாரே, அப்போது தொடங்கிய கேள்வி. கல் போய்விட்டது, கேள்வி தங்கிவிட்டது. தினமும் ஆறே முக்காலுக்கு அவள் கேட்பாள், அவர் "ம்" என்பார், அதோடு இரண்டு பேருக்கும் பொழுது விடிந்ததாகக் கணக்கு. இன்றைக்கு அவர் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்றுகொண்டு நாலைந்து வார்த்தை சொன்னார். அவள் "சரி" என்றாள். பிறகு மிக்ஸி மூடியை அமுக்கிச் சட்னியை இன்னொரு சுற்று விட்டாள். மிக்ஸி சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை, அவர் பேசும்போது மிக்ஸி நின்றுதான் இருந்தது. வார்த்தைகள் காதில் விழுந்தன. விழுந்ததை எடுத்து வைக்கத்தான் உள்ளே ஆள் இல்லை. அப்போது உள்ளே இருந்தவள் இந்தக் காகிதத்தில் இருக்கிற நாற்பத்திரண்டு இடங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். என்ன சொன்னார்? பூங்கொடி பதினெட்டாவது இடத்தைப் படித்தாள். படித்தது மண்டையில் ஏறவில்லை. மறுபடி படித்தாள்.

பீளமேட்டில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேலே இரண்டாவது மாடியில் அவளுடைய ஆபீஸ். ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுக்கிற கவுண்டருக்கான மென்பொருள் எழுதுகிற சின்னக் கம்பெனி, மொத்தம் ஒன்பது பேர். அதில் பூங்கொடிதான் பழைய ஆள், நாற்பத்தாறு வயது, அந்த மென்பொருளில் பாதி அவள் கையால் தட்டியது. போன வியாழக்கிழமை ஓர் ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுண்டரிலிருந்து ஜெசிந்தா என்கிற பெண் போன் பண்ணினாள். பென்சிலின் ஆகாத ஒரு அம்மாவுக்கு அந்த மருந்து திரையில் சும்மா வந்துவிட்டது, எச்சரிக்கிற சிவப்புக் கட்டம் வரவேண்டிய இடத்தில் வரவில்லை, அந்த அம்மாவின் அட்டையில் எழுதியிருந்ததைக் கண்ணால் பார்த்ததால் கொடுக்காமல் நிறுத்தினேன் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் பூங்கொடிக்குத் தாங்கவில்லை. நோயாளிக்கு எந்த மருந்து ஆகாது என்று பார்த்துச் சொல்ல அவள் ஒரு ஃபங்ஷன் எழுதி வைத்திருந்தாள். நோயாளியின் எண்ணையும் மருந்தின் பெயரையும் கொடுத்து அதைக் கூப்பிட்டால் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, கொடுக்கலாம் அல்லது கூடாது என்று ஒரு பதிலோடு திரும்பி வரும். கூப்பிட்டவர் அந்தப் பதிலை வாங்கிப் பார்த்து நிறுத்தவேண்டும். மென்பொருள் முழுவதும் நாற்பத்திரண்டு இடத்தில் அது கூப்பிடப்படுகிறது. ஏதோ ஓர் இடத்தில் பதிலை வாங்காமல் விட்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. இந்தப் பழைய மொழி ஒரு தாராளப் பிரபு. கூப்பிட்டுவிட்டுப் பதிலைக் காற்றில் விட்டாலும் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காது. அது பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போய்விடும். மேனேஜர் பிரகலாதன் மூன்று மணிக்கு அந்த ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், அதற்குள் எந்த இடம் என்று சொல்லவேண்டும். அதனால்தான் எல்லா இடத்தையும் அச்செடுத்து ஒவ்வொன்றாக டிக் போடுகிறாள். திரையில் படித்தால் கண் தாவிவிடும், காகிதத்தில் தாவாது என்பது அவள் கொள்கை. சின்னப் பசங்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பத்தொன்பது, பதில் வாங்கப்பட்டிருக்கிறது. இருபது, வாங்கியிருக்கிறது. கடை வாடகை விஷயமாக ஏதாவது சொல்லியிருப்பாரோ? கணபதியில் அவர் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிற ஷெட்டை இடிக்கப்போவதாக ஒரு பேச்சு இருந்தது. அதுவாக இருந்தால் நின்றுகொண்டு சொல்லமாட்டார், உட்கார்ந்து சொல்வார், பிறகு பேப்பரைத் தேடுவார். ஹாஸ்டலில் இருக்கிற மகள் ஏதாவது போனில் சொன்னாளோ? அவள் இவரிடம் சொல்வதை முதலில் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வாள். இருபத்தொன்று. தூங்கினீர்களா என்று கேட்டதற்குத்தானே பதில்? அப்படியானால் தூக்கத்தைப் பற்றித்தான் இருக்கவேண்டும், கொசு, கரண்டு, தெருநாய் இப்படி ஏதாவது. ஆனால் கொசுவைப் பற்றிச் சொல்லிவிட்டு ஒரு மனிதர் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் அவ்வளவு நேரம் நிற்பாரா? நின்றாரே. அவள் சட்னியைக் கிண்ணத்தில் வழித்துவிட்டுத் திரும்பும்போதும் அங்கேதான் நின்றார், தண்ணீர் பாட்டிலை இடது கையில் பிடித்துக்கொண்டு. முகம் எப்படி இருந்தது? முகம் நினைவில் வரவில்லை. பாட்டில் வருகிறது, அதன் நீல மூடி வருகிறது, முகம் வரவேண்டிய இடத்தில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிற கேஸ் கம்பெனி காலண்டர் வருகிறது. இருபத்தைந்து வருஷமாகப் பார்க்கிற முகம். பூங்கொடிக்குள் ஏதோ ஒன்று வந்துவிட்டது. பயம் என்று சொல்ல முடியாது, பயம் வருவதற்கு முன்னால் வந்து நாற்காலி போடுகிற ஒன்று. அவள் இருபத்திரண்டாவது இடத்துக்கு டிக் போட்டாள், பென்சில் முனை கொஞ்சம் அழுந்திவிட்டது.

போன் பண்ணிக் கேட்டுவிடலாம். கையில் போன் இருக்கிறது, அவருக்கும் இருக்கிறது. ஆனால் மோட்டாருக்குக் கம்பி சுற்றி எண்ணிக்கொண்டிருக்கும்போது எடுக்கமாட்டார். ஒரு காயிலுக்கு எழுபத்திரண்டு சுற்று என்றால் எழுபத்திரண்டும் முடிகிறவரை வெளியில் இடி விழுந்தாலும் தலை நிமிராது. எடுத்தாலும் என்னவென்று கேட்பது? காலையில் நீங்கள் சொன்னதை நான் கவனிக்கவில்லை என்றா? அப்படியானால் எதற்குச் சரி என்றாய் என்று அவர் கேட்டால்? கேட்கமாட்டார், அதுவும் தெரியும். முன்பெல்லாம் கேட்பார். கல்யாணமான புதிதில் மயில்சாமிக்கு ஒன்று ஆகவில்லை என்றால் ஊருக்கே தெரியும். தட்டைத் தள்ளுவார், கதவைப் படார் என்று சாத்துவார், வண்டியைக் கிளப்புகிற சத்தத்திலேயே இன்றைக்கு என்ன கோபம் என்று எதிர் வீட்டம்மா சொல்லிவிடும். அவளாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒன்றும் மிச்சம் வைக்கமாட்டார். பிறகு எப்போதோ அடங்கினார். மகள் ஹாஸ்டலுக்குப் போன வருஷமாக இருக்கும், இல்லை அதற்கும் முன்னாலா? இப்போது தட்டும் பத்திரம், கதவும் பத்திரம். ஏதாவது இருந்தால் ஒரு வார்த்தை மெல்லச் சொல்வார், அவ்வளவுதான், மீதி கேட்கிறவர் பாடு. வயசானதும் மனுஷன் பக்குவப்பட்டுவிட்டார் என்று அவள் தன் அக்காவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். கொஞ்ச நாளாகக் காப்பியைக்கூட டம்ளரில் குடிப்பதில்லை, காது வைத்த கோப்பையில்தான் வேண்டும் என்கிறார். துரை ஆகிவிட்டீர்களா என்று கேலி செய்தாள், சிரித்தார். சட்டையில் மேல் பொத்தானைப் போடாமல் விடுகிறார், அதற்கும் கேலி செய்தாள். இருபத்தெட்டு, வாங்கியிருக்கிறது. இருபத்தொன்பது, வாங்கியிருக்கிறது. எல்லாமே ஒழுங்காக இருக்கிறது, அதுதான் சங்கடமாக இருந்தது.

பதினொன்றரைக்கு டீ வந்தது, ஆடை கட்டி ஆறிப்போகிறவரை அவள் பார்க்கவில்லை. நாற்பத்திரண்டாவது இடத்துக்கும் டிக் போட்டாயிற்று. நாற்பத்திரண்டிலும் கூப்பிட்டவர் பதிலை வாங்கியிருக்கிறார், பார்த்திருக்கிறார், கூடாது என்று வந்தால் நிறுத்தியிருக்கிறார். அப்படியானால் ஜெசிந்தாவின் திரையில் சிவப்பு ஏன் வரவில்லை? பூங்கொடி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கீழே பல் ஆஸ்பத்திரியில் ராவுகிற மெஷின் கொசுவைப் போலப் பாடிக்கொண்டிருந்தது. ஒரு காரியத்தைத் தொலைத்தால் வந்த வழியே பின்னால் போய்ப் பார்க்கவேண்டும் என்பது அவள் தொழில் பழக்கம். ஒன்று இன்னொன்றைக் கூப்பிடும், அது மற்றொன்றைக் கூப்பிடும், கடைசியாகக் கூப்பிடப்பட்டது முதலில் திரும்பும், அதுவரை மற்றவை எல்லாம் விட்ட வரியில் விரலை வைத்துக்கொண்டு காத்திருக்கும். காலையை அப்படிப் பிரித்துப் பார்த்தாள். சட்னிக்கு நடுவில் பால் பொங்கியது, பாலுக்கு நடுவில் கேள்வியைக் கேட்டாள், கேள்விக்கு நடுவில் ஆபீஸ் நினைப்பு வந்தது. ஆபீஸ் நினைப்பு திரும்பி வரவே இல்லை, அதனால் கேள்வி அங்கேயே நிற்கிறது, அவர் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நிற்கிறார். அப்புறம் டிபன் கேரியரை எடுத்தார். இடது கையால். வண்டிச் சாவியையும் இடது கையால்தானே எடுத்தார், மயில்சாமி இடது கைக்காரர் இல்லையே. அங்கே வந்ததும் மறுபடி காலண்டர்தான் வந்தது. வார்த்தைகளைத் தேடுவதை விட்டுவிடலாம் என்று தோன்றியது, தேடுகிற விதம்தான் தப்போ என்னவோ. தேடுகிற விதம். பூங்கொடி கண்ணைத் திறந்தாள். நாற்பத்திரண்டு இடங்களை எப்படிக் கண்டுபிடித்தாள்? ஃபங்ஷனின் பெயரைப் போட்டு, பெயரை ஒட்டி ஓர் அடைப்புக்குறியைத் திறந்து, அப்படித் தேடினாள். பதில் வாங்குகிறவர்கள் எல்லாரும் அடைப்புக்குறி போட்டுத்தான் கூப்பிட்டாகவேண்டும். பதில் வேண்டாதவர்கள்?

அடைப்புக்குறியை எடுத்துவிட்டு வெறும் பெயரை மட்டும் தேடினாள். நாற்பத்து மூன்று என்று வந்தது. ஜெசிந்தாவின் ஆஸ்பத்திரி மட்டும் கேட்டு வாங்கிய, பழைய மருந்துச் சீட்டையே மறுபடி கொடுக்கிற திரையில், ஓர் ஓரத்தில், அடைப்புக்குறி இல்லாமல், பெயர், நோயாளி எண், மருந்து என்று ஒரே வரியாக அது உட்கார்ந்திருந்தது. மேலே குறிப்பில் அவளுடைய பெயரின் முதலெழுத்தும் ஒன்பது வருஷத்துக்கு முந்திய ஒரு தேதியும். அவளுக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது, காலைதான் வரவில்லையே தவிர இது துல்லியமாக வந்தது. எழுதிய புதிதில் அந்த ஃபங்ஷன் ஃபங்ஷனே இல்லை, ப்ரொசீஜர். பதில் சொல்லாது. தானே உள்ளே போய்ப் பார்க்கும், ஆகாத மருந்தென்றால் தானே சிவப்புக் கட்டத்தைப் போட்டு அமர்க்களம் பண்ணி எல்லாவற்றையும் நிறுத்தும், கூப்பிட்டவர் சும்மா இருந்தால் போதும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒவ்வொரு மாதிரி கட்டம் வேண்டும் என்றார்கள். அதனால் அவள்தான் அதை மாற்றினாள், இனி நீ அமர்க்களம் பண்ணவேண்டாம், பதிலை மட்டும் சொல்லிவிடு, மற்றதைக் கூப்பிட்டவர் பார்த்துக்கொள்வார் என்று. கூப்பிடுகிறவர்களை எல்லாம் ஒவ்வொருவராகத் தேடிப் போய் மாற்றினாள். இந்த ஒருத்தர் மட்டும் பழைய பழக்கத்திலேயே இருந்துவிட்டார். கூப்பிடுவார், உள்ளே இருந்து பதில் வரும், சத்தம் ஒன்றும் கேட்கவில்லையே என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அந்த ஃபங்ஷன் தான் சொன்ன பதிலை எல்லாம் ஒரு கோப்பில் எழுதி வைக்கும், அதை ஆஸ்பத்திரி அனுப்பி வைத்திருந்தது. அதைத் திறந்தாள். ஒன்பது வருஷத்தில் இந்த இடத்திலிருந்து கேட்டவர்களுக்கு வந்த பதில் எல்லாம் கொடுக்கலாம், கொடுக்கலாம், கொடுக்கலாம். கூடாது என்பது ஒரே ஒரு தடவை, போன வியாழக்கிழமை. ஜெசிந்தா பிடித்துவிட்டாள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பூங்கொடிக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. இந்த வயசில் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு இது என்ன கூத்து என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

பிரகலாதனிடம் போய்ச் சொன்னாள். அவனுக்கு முப்பத்தோரு வயது, நல்ல பையன், அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். இடம் கிடைத்ததே போதும் என்று சந்தோஷப்பட்டான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் யார் எழுதினார்கள் என்று யார் கேட்கப்போகிறார்கள், பழைய பதிப்பில் ஒரு கோளாறு இருந்தது என்று சொல்லிக்கொள்கிறேன் என்றான். "இல்லைங்க தம்பி, நான்தான் கவனிக்காம உட்டுட்டேன்னே சொல்லுங்க. அந்தப் பொண்ணுகிட்டயும் நானே பேசறேன்" என்றாள். சொன்னதும் உடம்பில் ஒரு லேசு. வரியைத் திருத்தினாள், அடைப்புக்குறி போட்டாள், பதிலை வாங்கினாள், கூடாது என்றால் நில் என்று எழுதினாள். பென்சிலின் ஆகாத ஒரு கற்பனை நோயாளியை உண்டாக்கி ஓட்டிப் பார்த்தாள். சிவப்புக் கட்டம் வந்து நின்றது. மணி பன்னிரண்டரை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு, அவரும் நாலு வருஷமாக "ம்" சொல்லி வந்தவர்தானே, இன்றைக்கு ஒரு நாள்தானே வேறு பதில், ஒரு நாள் என்றால் இன்றைக்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது. பயத்துக்குப் போட்ட நாற்காலியில் இன்னும் ஒன்றும் வந்து உட்காரவில்லை. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கணபதிக்குக் கிளம்பினாள். பங்குனி வெயில் ஹெல்மெட்டுக்குள் கொதித்தது. பாலத்துக்குக் கீழே நுங்கு விற்றார்கள், அவருக்குப் பிடிக்கும், நிற்கலாமா என்று நினைப்பதற்குள் தாண்டிவிட்டாள். என்ன சொன்னீர்கள் என்று கேட்பதா, தூங்கினீர்களா என்றே மறுபடி கேட்பதா? முதலாவது நியாயம், இரண்டாவது சுலபம். சிக்னலில் நியாயம் ஜெயித்தது, கடை வாசலில் வண்டியை நிறுத்தும்போது சுலபம் ஜெயித்துவிட்டது.

ஷெட்டுக்குள் வார்னிஷ் வாசனை. மயில்சாமி மனைக்கட்டையில் உட்கார்ந்து ஒரு போர்வெல் மோட்டாரின் உடம்பைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "ஏம்புள்ள, இந்நேரத்துல?" என்றார். சும்மாதான் வந்தேன் என்றாள். பையைக் கீழே வைத்தாள். ராத்திரி தூங்கினீர்களா என்று கேட்டாள். நடுப்பகலில், அதுவும் கடையில் வந்து கேட்கிற கேள்வியா அது? அவருக்கு அதில் ஒன்றும் விசித்திரமாகப் படவில்லை போல. "ம்" என்றார், மறுபடி குனிந்துகொண்டார். அவ்வளவுதான், பழைய பதில் வந்துவிட்டது, வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போகலாம். பூங்கொடி போகவில்லை. தாமிரக் கம்பிச் சுருள் பக்கத்தில் நின்றாள். அவர் கம்பியை இடது கையால் தள்ளி வலது கையின் ஓரத்தால் அணைத்துக்கொண்டிருந்தார், அப்படி அவர் வேலை செய்து அவள் பார்த்ததில்லை. முன்பெல்லாம் வலது கை விரல்கள் மூன்றும் சேர்ந்து பூத்தொடுப்பது போல ஓடும்.

"காலைல நீங்க சொன்னது என் மண்டைல ஏறலைங்க. சரின்னுட்டேன், ஆனா நான் கேக்கல. மறுபடியும் சொல்லுங்க" என்றாள்.

அவர் கம்பியை விட்டார். அவளை ஒரு தடவை பார்த்தார், கோபமில்லை, கொஞ்சம் ஆச்சரியம். கை மரத்துப்போய் எழுந்து உட்கார்ந்துவிட்டேன் என்றுதான் சொன்னேன் என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டாள். தீபாவளி நோம்பிக்கு முன்னாலிருந்தே என்றார். அன்றைக்கே சொன்னாராம். கார்த்திகையில் ஒரு தடவை. பொங்கலுக்கு அவள் அக்கா வந்திருந்தபோது, டம்ளர் பிடிக்க வரமாட்டேன் என்கிறது, கோப்பையில் கொடு என்று சொன்னபோது ஒரு தடவை. பொத்தான் போட முடியவில்லை என்றும் சொல்லியிருக்கிறார்.

"எங்கிட்டயா சொன்னீங்க?"

"உங்கிட்டத்தான். சரின்னு சொன்னியே. உனக்குத் தெரியும்னுதான் நான் இருந்தேன்."

எதிர் ஒர்க் ஷாப்பில் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்து மாசம். அந்த வீட்டில் எதுவும் எந்தக் கோப்பிலும் எழுதி வைக்கப்படுவதில்லை, திறந்து பார்த்து ஒரு தடவைதான் என்று ஆறுதல் அடைய வழியில்லை. பூங்கொடிக்கு அழுகை வரவில்லை, வெட்கமாக இருந்தது. அவர் எதிரில் சிமெண்டுத் தரையிலேயே உட்கார்ந்து அவருடைய வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வார்னிஷும் தாமிரமும் மணக்கிற கை. சாயங்காலமே டாக்டரிடம் போகிறோம் என்றாள். அவர் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் இல்லை, போகிறோம் என்றாள். எந்தெந்த விரல் என்று தெரிந்துகொண்டு போகவேண்டும், ஒவ்வொன்றாகத் தொடுகிறேன், சொல்லுங்கள் என்றாள். அவர் கடைக்கு வெளியே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கூச்சத்தோடு சிரித்தார். சுண்டுவிரலை அழுத்தினாள், தெரிகிறது என்றார். மோதிர விரல், தெரிகிறது. அவர் விரலையே பார்த்துக்கொண்டு சொல்வதைக் கவனித்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். மூடிக்கொண்டார். நடுவிரலின் நுனியைத் தன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, நகம் வெளுக்கிறவரை அழுத்தினாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேசாமல் காத்திருந்தாள், எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பது என்று இருந்தாள். அவரும் கண்ணை மூடியபடி, அடுத்த விரலுக்குக் காத்திருக்கிறவர் போலப் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார்.

"ம், அமுத்து புள்ள."